ஈரக்காவின் எண்பத்தாறு

எண்பத்தாறு. இந்த எண்ணைச் சுவரில் பென்சிலால் எழுதிவைத்துவிட்டு ஒரு பெண்மணி நான்கு நாள் வெளியூர் போனார். அவர் திரும்பி வருவதற்குள் அந்த எண் வீட்டிலிருந்த முப்பத்து மூன்று முட்டைகளையும் மூழ்கடிக்கப் பார்த்தது. முட்டை மூழ்குமா என்று கேட்கலாம். மூழ்கும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மேலே படாமல் மூழ்கும்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. ஒல்லியான உடம்பு, கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக் கண்ணாடி, யாரையும் முதலில் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பேசும் பழக்கம். வீட்டுப் பத்திரங்களில் வேறு பெயர் இருக்கிறது. தெருவில் கேட்டால் ஈரக்கா என்றால்தான் தெரியும்.

அந்தப் பெயர் நூல் மில்லில் வந்தது. அங்கே இருபத்தேழு வருடம் ஈரக்கா பார்த்த வேலை காற்றை ஈரமாக வைத்திருப்பது. சிரிக்க வேண்டாம், அது ஒரு வேலைதான். காற்று காய்ந்துவிட்டால் நூல் பட் பட்டென்று அறும். ஈரம் கூடிவிட்டால் பஞ்சு உருளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்னும். இரண்டுக்கும் நடுவில் காற்றைப் பிடித்து நிறுத்த வேண்டும். "ஈரக்கா, நூல் அறுந்துபோகுது" என்று ஒரு கூடத்திலிருந்து குரல் வரும். "ஈரக்கா, சுத்துது" என்று இன்னொன்றிலிருந்து வரும். அவர் ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயைத் திருகுவார்.

ஒவ்வொரு கூடத்திலும் கண் உயரத்தில் ஒரு பலகை, அதில் அடுத்தடுத்து இரண்டு கண்ணாடித் தர்மாமீட்டர்கள். ஒன்று வெறுமனே தொங்கும். மற்றதன் குண்டில் பருத்தித் திரி சுற்றியிருக்கும்; திரியின் வால் ஒரு சின்ன புட்டித் தண்ணீரில் கிடக்கும். திரியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது அந்தக் குண்டு குளிரும். காற்று காய்ந்திருந்தால் நிறையக் குளிரும், ஈரமாக இருந்தால் கொஞ்சம்தான் குளிரும். ஆக, திரி கட்டியது எவ்வளவு இறங்கி நிற்கிறது என்பதை வைத்தே காற்றின் ஈரத்தைச் சொல்லிவிடலாம். மில்லில் "ஈரம் எவ்வளவு?" என்று கேட்டால் யாரும் சதவீதம் சொல்ல மாட்டார்கள். திரி கட்டிய தர்மாமீட்டர் காட்டும் ஃபாரன்ஹீட் டிகிரியைச் சொல்வார்கள். அதற்குப் பெயரே ஈரம்தான். பின்னால் வந்த வம்பெல்லாம் இந்த ஒரு சொல்லில் இருந்து வந்தது.

ஒரு நாள் மில்லில் கூடத்துக்குக் கூடம் வெள்ளைப் பெட்டி ஒன்றை மாட்டினார்கள். அது ஈரத்தைத் தானே பார்த்துத் தானே குழாயைத் திறக்கும். மேலாளர் ஈரக்காவைக் கூப்பிட்டு, இனிமேல் கருவி பார்த்துக்கொள்ளும் என்றார். வேலை போன பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். ஈரக்கா கடிகாரத்தை மேசையிலேயே வைத்துவிட்டார்.

"வீட்டுல மணி பாக்கத் தெரியும் சார். கழட்டிப் போட்டிருக்கீங்களே அந்தத் தர்மாமீட்டர், அதுல ஒரு ஜோடி குடுங்க."

"அதை வெச்சு என்னம்மா பண்ணப் போறீங்க?"

"அது சார் என் பாடு."

ஈரக்காவுக்கே அப்போது தெரியாது. கொடுக்க மாட்டோம் என்கிறார்களா பார்க்கலாம் என்றே கேட்டதாகப் பிறகு சொன்னார்.

தர்மாமீட்டர் ஜோடி முதலில் சமையலறைச் சுவரில் தொங்கியது. மூன்றாம் மாதம் ஒரு பழைய கடையிலிருந்து செத்துப்போன சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று மாடிக்கு ஏறி வந்தது. ஈரக்காவின் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். மாடிப்படியில் அதைத் தூக்கி வந்தவரும் அவரே. ஃபிரிட்ஜின் கதவில் ஒரு சதுரம் வெட்டிக் கண்ணாடி பொருத்தினார்கள். உள்ளே இரண்டு நாற்பது வாட் பல்பு, சூடு ஏறினால் பல்பை அணைக்கும் ஒரு சின்ன கருவி, கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய விசிறி, தண்ணீர்த் தட்டு. பக்கவாட்டில் தக்கை போட்டு மூடித் திறக்கும்படி நான்கு ஓட்டைகள். மேல் தட்டில் மில் தர்மாமீட்டர்கள் இரண்டும். கோழிமுட்டை பொரிக்கும் பெட்டி தயார்.

முதல் தடவை வைத்த பன்னிரண்டு முட்டையும் வெந்தது. பல்பு பக்கத்தில் இருந்துவிட்டது. கணவர் ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு எங்கம்மா இருக்கு?" என்றார். அன்று முழுக்க ஈரக்கா அவரோடு பேசவில்லை. இரண்டாம் தடவை முட்டையைப் போதுமான அளவு திருப்பிப் போடவில்லை. கரு ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் தடவை பதினைந்துக்கு ஒன்பது. நான்காம் தடவை பதினைந்துக்குப் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டும் கத்துகிற கத்தலில் கீழ்வீட்டுக்காரர் மாடிக்கு வந்து சண்டை போட்டுவிட்டு, இறங்கும்போது இரண்டு குஞ்சை வாங்கிக்கொண்டு போனார்.

அந்தத் தைரியத்தில்தான் ஈரக்கா ஊர் எல்லையில் இருந்த பொரிப்பகத்துக்கு வேலை கேட்டுப் போனார். பண்ணை முட்டைகளை இயந்திரத்தில் வைத்துக் குஞ்சாக்கிக் கொடுக்கும் இடம் அது. அதற்கு முன் நான்கு இடத்தில் கேட்டிருந்தார். துணிக்கடையில் வயதைக் கேட்டார்கள், மருந்துக் கடையில் படிப்பைக் கேட்டார்கள், மற்ற இரண்டில் எதையும் கேட்கவில்லை.

பொரிப்பகக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். கையில் எப்போதும் போன். இயந்திர அறையைக் காட்டச் சொல்லி ஈரக்கா கேட்டதும் என்ன நினைத்தாரோ, கூட்டிப் போனார். ஆள் உயர மரப்பெட்டிகள் ஆறு. ஒவ்வொன்றின் கதவிலும் ஒரு கண்ணாடி, அதற்குள் இரண்டு தர்மாமீட்டர். ஈரக்காவுக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார்.

"தம்பி, இந்தத் திரிய எப்ப மாத்தினீங்க?"

"இங்க எல்லாரும் என்னை சார்னு கூப்பிடுவாங்க."

"நான் இன்னும் இங்க சேரலையே தம்பி. திரி மஞ்சளா, குச்சி மாதிரி நிக்குது பாருங்க. உப்புத் தண்ணி ஊத்தியிருக்கீங்க. சுண்ணாம்பு ஏறி இது செத்து ஆறு மாசம் இருக்கும்."

பொரிப்பகக்காரர் எட்டிப் பார்த்தார். "எண்பத்தாறு காட்டுதே. எண்பத்தாறுதான் வேணும். புத்தகத்துலயே அப்படித்தான் இருக்கு."

"காட்டுது. திரி தண்ணி குடிச்சாத்தானே குண்டு குளிரும்? இது குடிக்கல. அதனால இறங்காம மேலயே நிக்குது. உள்ள காத்து காஞ்சு கிடக்கும், உங்களுக்கு ஈரமா இருக்குன்னு சொல்லும்."

"நீங்க எங்க வேலை பாத்தீங்க?"

"நூல் மில்லுல."

"இது நூல் இல்லம்மா. உயிரு."

"நூலுக்கு உயிர் கிடையாது. அதுவே சரியில்லன்னா அறுத்துக்கிட்டுக் காட்டுச்சு. இதுங்க பாவம், ஓட்டுக்குள்ளயே செத்துப் போகும், யாருக்கும் தெரியாது."

உடன் நின்ற வேலையாட்கள் இரண்டு பேர் சிரிப்பை மறைக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பொரிப்பகக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "வாய் நல்லாப் பேசுது. கை பேசுமா?"

"முட்டை குடுங்க. பேசும்."

அவர் ஒரு தட்டு முட்டை எடுத்து வரச் சொன்னார். நாற்பத்திரண்டு. "என் மெஷின்ல நூறு முட்டைக்கு எழுபது குஞ்சு. உங்க ஃபிரிட்ஜுல இந்த நாற்பத்திரண்டுக்கு முப்பது எடுத்துட்டு வாங்க, வேலை தர்றேன். இருபத்தொன்பது வந்தாக்கூட இந்த வாசலைத் தாண்ட வேணாம்."

"சரி தம்பி" என்று தட்டை வாங்கிக்கொண்டார் ஈரக்கா. வேனில் மடியில் வைத்து எடுத்துவந்தார். கணவரை அவ்வளவு மெதுவாக அதற்கு முன் யாரும் வேன் ஓட்ட வைத்ததில்லை; பின்னால் வந்த வண்டியெல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்தன.

வியாழக்கிழமை காலை முட்டைகள் உள்ளே போயின. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம், திருப்பியதா இல்லையா என்று தெரிவதற்காக. பத்து முட்டைகளைத் தனியாகச் சமையலறைத் தராசில் எடை போட்டார்: அறுநூறு கிராம். உள்ளே வளர வளர முட்டை தண்ணீரை இழக்கும், எடை குறையும், அகலமான முனையில் காற்றறை பெரிதாகும். பொரிக்கும் நேரத்தில் குஞ்சு முதல் மூச்சை அந்த அறையில்தான் விடும். பதினெட்டாம் நாள் அந்தப் பத்து முட்டையும் ஐந்நூற்று முப்பதில் நிற்க வேண்டும் என்று முந்தைய தோல்விகள் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தன.

வெறும் தர்மாமீட்டர் தொண்ணூற்றொன்பதரை, திரி கட்டியது எண்பத்தாறு. ஒரு வாரம் இரண்டும் அசையவில்லை. ஏழாம் நாள் அறையை இருட்டாக்கி டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தார். சிவப்பு நரம்புகள் சிலந்திவலைபோல ஓடினால் உயிர் இருக்கிறது. ஒன்பது முட்டையில் எதுவுமே இல்லை. வெறும் மஞ்சள் வெளிச்சம். சேவல் சேராத கூமுட்டை. அந்த ஒன்பதையும் வெளியே எடுத்துத் தேதி எழுதித் தனித் தட்டில் வைத்தார். மிச்சம் முப்பத்து மூன்று. முப்பது வேண்டுமென்றால் மூன்றுக்கு மேல் சாகக் கூடாது.

ஒன்பதாம் நாள் வெளியூரிலிருந்த தங்கைக்குக் கண் அறுவை சிகிச்சை. கூட இருக்க வேறு ஆள் இல்லை. போகாமல் இருக்க முடியாது. ஃபிரிட்ஜுக்கு மேலே சுவரில் பெரிதாக எழுதினார்: 99.5, 86. அதன் கீழே, இரண்டும் அசையக் கூடாது. முட்டையைத் திருப்புவதைக் கணவருக்கு மூன்று முறை செய்து காட்டினார். பஸ் ஏறினார்.

கணவர் சொன்ன சொல் தவறாதவர். மறுநாள் காலை சுவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். கண்ணாடித் தர்மாமீட்டரில் அந்த மெல்லிய கோடு அவர் கண்ணுக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை. ஆனால் போன மாதம் மகள் வாங்கி வந்து ஒட்டிய டிஜிட்டல் மீட்டர் ஒன்று இருந்தது. ஈரக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதில் பெரிய பெரிய எழுத்து. மேலே 99.5. சுவரில் இருப்பதேதான், சரி. கீழே 57.

கணவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடனே போன் செய்தார். மறுபக்கத்தில் ஆஸ்பத்திரி இரைச்சல்.

"ஏம்மா, ஈரம் எண்பத்தாறுதானே?"

"ஆமாங்க, எண்பத்தாறுதான். ஏன், குறைஞ்சிருக்கா?"

"லேசா."

"விட்டுடாதீங்க. தண்ணி ஊத்துங்க."

அவர் ஊற்றினார். தட்டை எடுத்துவிட்டுப் பேசின் வைத்தார். துண்டை நனைத்துக் கம்பியில் தொங்கவிட்டார், வேன் துடைக்கும் பஞ்சுகளைத் தண்ணீரில் தோய்த்து அடுக்கினார். எழுபது வந்தது. ஓட்டைகளில் மூன்றுக்குத் தக்கை போட்டார். எண்பது வந்தது. பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடைத்த நேரமெல்லாம் மாடிக்கு ஓடி வந்தார். அன்று சாயங்காலம் 86 என்று எழுத்து மாறியபோது, தனியாகவே கை தட்டினாராம்.

நான்கு நாள் கழித்து ஈரக்கா பையை இறக்கி வைப்பதற்குள் கணவர் சொல்லிவிட்டார். "எண்பத்தாறு. ஒரு புள்ளி இறங்க விடல."

ஈரக்கா ஃபிரிட்ஜைப் பார்த்தார். கதவுக் கண்ணாடி உள்பக்கம் வேர்த்து வழிந்தது. திறந்தார். குளியலறை வாடை. ஈரத் துண்டை விலக்கித் திரி கட்டிய தர்மாமீட்டரைப் பார்த்தார். தொண்ணூற்றைந்து.

"என்னங்க இது?"

"நீ சொன்னதுதான். எண்பத்தாறு, பாரு." அவர் டிஜிட்டல் மீட்டரைக் காட்டினார்.

"அது சதவீதம். நான் சொன்னது டிகிரி. ஈரம் எண்பத்தாறு டிகிரி."

கணவர் சுவரிலிருந்த எழுத்துக்குக் கிட்டே போனார். பிறகு மெதுவாகக் கேட்டார், "டிகிரின்னு எங்க எழுதியிருக்கு?"

எங்கும் எழுதியிருக்கவில்லை. ஈரக்காவுக்கு இருபத்தேழு வருடமாக யாரிடமும் டிகிரி என்று சொல்லிப் பழக்கம் இல்லை. மில்லில் துடைப்பம் பிடிப்பவருக்குக்கூட அது தெரியும். வேன் ஓட்டுபவருக்கு எப்படித் தெரியும்?

"நான்தான் கூமுட்டை" என்றார் கணவர்.

"ஒன்பதை எடுத்து வெளிய வெச்சேன். பத்தாவது வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு." ஈரக்கா பேசினைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். "பதினொண்ணாவது நான். யூனிட் போடாம எழுதறவளுக்கு என்ன வேலை? போய் இதைக் கொட்டிட்டு வாங்க."

பத்து முட்டையையும் எடை போட்டார். பதின்மூன்றாம் நாள் ஐந்நூற்று ஐம்பத்திரண்டு இருக்க வேண்டும். ஐந்நூற்று அறுபத்திரண்டு இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் காற்றறை நகக்கண் அளவு. இப்படியே விட்டால் குஞ்சு மூக்கை நீட்டும் இடத்தில் காற்றுக்குப் பதில் தண்ணீர் இருக்கும். ஓட்டை உடைக்கும் முன்பே மூழ்கிவிடும்.

கணவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "அவர்கிட்டப் போயி நடந்ததைச் சொல்லி வேற முட்டை கேட்டுப் பாக்கலாமா?"

"கேட்டா என்ன சொல்வாரு தெரியுமா? நூல் மில்லுன்னு சொல்வாரு. இதையேதான் பொரிக்க வைக்கப் போறேன்."

ஐந்து நாள் மிச்சம். பத்து முட்டையில் இன்னும் முப்பத்திரண்டு கிராம் போயாக வேண்டும். ஈரக்கா உள்ளே இருந்த தண்ணீர் எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். துண்டு, பஞ்சு, தட்டு, எதுவும் இல்லை. மூன்று தக்கையையும் பிடுங்கினார். திரிக்கு மட்டும் அதன் சின்ன புட்டியில் தண்ணீர். ஈரம் தொண்ணூற்றைந்திலிருந்து இறங்கி எழுபத்தைந்தில் வந்து நின்றது. மகள் போனில் பார்த்துவிட்டு, இவ்வளவு காய விடக் கூடாது என்று எங்கோ போட்டிருப்பதாகச் சொன்னாள்.

"அங்க போட்டவங்க வீட்டுல உங்கப்பா இருந்தாரா?" என்று கேட்டார் ஈரக்கா.

தினமும் காலையில் எடை. ஐந்நூற்று ஐம்பத்தாறு. ஐம்பது. நாற்பத்து நான்கு. காற்றறையின் ஓரத்தைப் பென்சிலால் ஓட்டின் மேல் வரைந்து வந்தார். கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கியது. பதினெட்டாம் நாள் ஐந்நூற்று முப்பத்து மூன்று. மூன்று கிராம் அதிகம். அதற்கு மேல் அவரால் செய்யக் கூடியது எதுவும் இல்லை. முட்டை திருப்புவதை நிறுத்தினார். பேசினைத் திரும்ப உள்ளே வைத்து ஈரத்தைத் தொண்ணூறு டிகிரிக்கு ஏற்றினார், ஏனென்றால் கடைசி மூன்று நாள் காற்று ஈரமாக இல்லாவிட்டால் உடைந்த ஓட்டின் உட்தோல் காய்ந்து குஞ்சைச் சுற்றி இறுக்கிவிடும். சுவரில் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: திரி கட்டிய தர்மாமீட்டர், 90 டிகிரி. கதவை டேப் போட்டு ஒட்டினார்.

"யாரும் திறக்கக் கூடாது. தீப்பிடிச்சாலும் என்னைக் கேட்டுட்டுத்தான்."

இருபதாம் நாள் மத்தியானம் ஒரு முட்டையில் நட்சத்திரம்போல விரிசல் விழுந்தது. சாயங்காலத்துக்குள் பதினான்கில். மறுநாள் காலை கண்ணாடிக்குப் பின்னால் ஈரமும் பிசுபிசுப்புமாக ஒரே தள்ளுமுள்ளு. ஒரு முட்டையில் மூக்கு மட்டும் வெளியே வந்து வெகுநேரமாக அப்படியே இருந்தது. கணவர் நகத்தால் டேப்பைத் தொட்டார்.

"கைய எடுங்க."

"பாவம்மா, திணறுது. லேசா ஒரு ஓட்டை எடுத்து விட்டா..."

"ஒண்ணுக்காகத் திறந்தா உள்ள இருக்கிற ஈரமெல்லாம் போயிரும். மத்தது எல்லாம் தோலு ஒட்டிச் சாகும். ஏற்கெனவே ஒரு தடவை உதவி பண்ணியிருக்கீங்க. போதும்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். அந்த மூக்கு, யார் உதவியும் இல்லாமல், பதினொரு மணிக்கு முழுதாக வெளியே வந்தது. அதற்குப் பிறகு இன்னும் ஏழு வந்தன. அப்புறம் எதுவும் வரவில்லை.

இருபத்திரண்டாம் நாள் காலை டேப்பைப் பிரித்து எண்ணினார்கள். இருபத்தெட்டு. கணவர் திரும்ப எண்ணினார். குஞ்சுகள் ஓடிக்கொண்டே இருந்ததால் ஒரு தடவை முப்பத்தொன்று வந்தது. அவர் முகம் மலர்ந்தது. ஈரக்கா ஒவ்வொன்றாகப் பெட்டிக்கு மாற்றி எண்ணினார். இருபத்தெட்டுதான்.

"போற வழியில சந்தை இருக்கு" என்றார் கணவர், வேன் சாவியைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு குஞ்சு வாங்கிச் சேர்த்துட்டா முப்பது. அதுங்க முகத்துல ஊரு பேரு எழுதியா இருக்கு?"

"அந்தத் திரி பொய் சொல்லுதுன்னுதானே அவர்கிட்டச் சண்டை போட்டேன்? இப்ப நான் சொல்லட்டுமா?" ஈரக்கா ஒன்பது கூமுட்டையையும் பொரிக்காத ஐந்து முட்டையையும் ஒரே தட்டில் அடுக்கினார். "இதையும் எடுத்து வண்டியில வைங்க."

பொரிப்பகத்து வாசலில் ஒரு இரும்புக் கதவு. திறந்துதான் இருந்தது. ஈரக்கா அதற்கு வெளியே, வாசலைத் தாண்டாமல் நின்றுகொண்டு, பொரிப்பகக்காரரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அவர் போனில் பேசிக்கொண்டே வந்தார். பெட்டியின் சத்தத்தைக் கேட்டதும் போனை வைத்தார்.

"உள்ள வாங்களேன், ஏன் வெளிய நிக்கிறீங்க?"

"இருபத்தொன்பது வந்தாக்கூட வாசலைத் தாண்ட வேணாம்னீங்க. இருபத்தெட்டு. அதான் இங்க நிக்கிறேன்."

அவர் பெட்டிக்குள் பார்த்தார். இருபத்தெட்டும் காய்ந்து பந்து பந்தாக இருந்தன, ஒன்றுகூட நொண்டவில்லை. "அப்ப தோத்துட்டீங்க."

"தோத்துட்டேன். ஆனா எதுல தோத்தேன்னு சொல்றேன், கேட்டுக்குங்க." ஈரக்கா ஒரு கூமுட்டையைக் கதவுக் கம்பியில் தட்டி உடைத்தார். வெறும் மஞ்சள். "இந்த மாதிரி ஒன்பது. ஏழாம் நாளே எடுத்தது, தேதி இருக்கு. இது உங்க சேவலோட வேலை, என்னது இல்ல." பொரிக்காத ஐந்தில் ஒன்றை உடைத்தார். உள்ளே முழுதாக வளர்ந்த குஞ்சு, சொத சொதவென்று நீரில். "இது மூழ்கிச் செத்தது. இது என் வீட்டுத் தப்பு. நாலு நாள் ஈரம் ஏறிருச்சு."

வேனில் இருந்து கணவர் இறங்கி வந்தார். "சார், அது வந்து நான்தான்..."

"நீங்க வண்டியில இருங்க" என்றார் ஈரக்கா, திரும்பாமலே. "நான் எழுதினது சரியில்ல. அவ்வளவுதான். தம்பி, இன்னைக்கு உங்க மெஷின்ல குஞ்சு எடுத்தீங்கள்ல? குப்பையில போட்ட முட்டையில ஒண்ணு கொண்டாங்க."

பொரிப்பகக்காரர் உள்ளே பார்த்துக் கையசைத்தார். ஒரு வேலையாள் வாளியோடு வந்தார். ஈரக்கா ஒன்றை எடுத்து உடைத்தார். இதிலும் முழுக் குஞ்சு. மூக்கு ஓட்டைத் தொட்டிருந்தது. ஆனால் உட்தோல் காகிதம்போலக் காய்ந்து, சிறகோடு சிறகாக ஒட்டி இறுக்கியிருந்தது. இன்னொன்றை உடைத்தார். அதேதான். மூன்றாவதை உடைக்கப் போனபோது பொரிப்பகக்காரர் போதும் என்றார்.

"என் முட்டை மூழ்கிச் செத்தது, உங்க முட்டை காஞ்சு செத்தது. சாவு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா என்னது எதனால செத்ததுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது." பையிலிருந்து ஒரு வெள்ளை ஷூ லேஸை எடுத்து வாசலுக்கு உள்ளே நீட்டினார். "பருத்தி. சோப்புப் போட்டுக் கொதிக்க வெச்சது. பழைய திரிய வெட்டி எறிஞ்சுட்டு இதை மாட்டுங்க. கொதிச்சு ஆறின தண்ணி ஊத்துங்க, குழாய்த் தண்ணி வேணாம். பத்து நிமிஷம் கழிச்சுப் பாருங்க. எண்பத்தாறு காட்டினா நான் போயிடறேன்."

அவர் லேஸை விரலில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். ஈரக்கா வெளியே பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். கணவர் வேனில் இருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "இறங்கலன்னா?" என்றார்.

"இறங்கும்."

"இல்ல, ஒருவேளை..."

"இறங்கும்ங்க."

பத்து நிமிடம் இருபது ஆனது. பொரிப்பகக்காரர் வந்தபோது கையில் போன் இல்லை. பழைய திரி இருந்தது, சாக்குக்கட்டி மாதிரி விறைத்துக்கொண்டு.

"எண்பது" என்றார்.

ஈரக்கா பாட்டிலை மூடிக் கணவரிடம் கொடுத்தார்.

"மத்த அஞ்சு மெஷின்லயும் இதே திரிதான்." அவர் அந்தக் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தனை மாசமா இப்படி ஓடுதுன்னு தெரியல. சரி. உதவிக்கு ஒரு ஆள் வேணும். வர்றீங்களா?"

"உதவிக்கு வர மாட்டேன். அந்த ரூமு என் பொறுப்புன்னா வர்றேன். சாவி என்கிட்ட இருக்கணும். யாரு என்ன எண் எழுதினாலும் பக்கத்துல டிகிரியா சதவீதமான்னு எழுதணும்."

"நீங்க தோத்திருக்கீங்க, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதனாலதான் வெளிய நின்னு கேக்கறேன்."

பொரிப்பகக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "மூணு மாசம் பாக்கறேன். அதுக்குள்ள நூத்துக்கு எழுபத்தஞ்சு வரணும். வரலன்னா நீங்களே போயிடணும். அப்புறம், இங்க எல்லாரும் என்னை சார்னுதான் கூப்பிடுவாங்க."

"சாவி கைக்கு வந்ததும் கூப்பிடறேன் தம்பி."

இருபத்தெட்டுக் குஞ்சுகளும் அன்றே பொரிப்பகத்துக் கூண்டுக்குப் போயின. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஈரக்காவுக்கு முதல் ஷிப்ட். மகளின் விளையாட்டு ஷூவில் இருந்து எடுத்ததும், தெருமுனைக் கடையில் வாங்கியதுமாகப் பத்து லேஸ்கள் ஞாயிற்றுக்கிழமை கொதிக்கும். மில் தர்மாமீட்டர் ஜோடி பையில் கூடவே போகும்.